நடுவில் நின்ற குரல்



ஆசிரியர் பணிக்கு அப்பால் எனக்கொரு பித்து உண்டென்பதை நண்பர்கள் அறிவர். தரமான ஒலிக்கருவிகளின்மீது கொண்ட பித்துதான் அது. அது தொடங்கிய கதையை இன்று பகிர்ந்துகொள்கிறேன்.

நான் வளர்ந்தது கெடா மாநிலத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில். அப்பாவுக்குத் தோட்டத்து ஆலையில், ரப்பர்ப் பாளங்களை அழுத்தும் உருளை இயந்திரத்தில் வேலை. எங்கள் லயத்து வீட்டில் ஒற்றை ஒலிபெருக்கி கொண்ட வானொலிப்பெட்டி இருந்தது, கேசட்டும் போடலாம். ஞாயிறுதோறும் அப்பா ‘பிரியா’ படப் பாடல்களை ஒலிக்கவிடுவார். 1978இல் வெளிவந்த அப்படத்தின் காட்சிகள் சிங்கப்பூரில் எடுக்கப்பட்டவை என்பதில் அவருக்குத் தனிப் பெருமை. பட்டணத்துக் கடையில் படியெடுத்த நாடா அது. இரைச்சலுக்கு நடுவேதான் யேசுதாஸ் எங்களுக்குப் பாடினார்.

2000ஆம் ஆண்டு, நான் ஆசிரியர் பயிற்சி மாணவன். பினாங்கு லிட்டில் இந்தியாவில் ‘பிரியா’ குறுவட்டு ஒன்றை வாங்கிக்கொண்டு திரும்புகையில் பெருமழை பிடித்தது. ஓர் ஒலிக்கருவிக் கடையில் ஒதுங்கினேன். நான் பயிற்சி ஆசிரியன் என்றறிந்ததும் கடைக்காரச் சீனர், “உங்கள் பாட்டையே போடுவோம், சிக்கு” என்றார் மலாயில்.

ஓரடி உயரமே உள்ள இரண்டு பெட்டிகள். எல்எஸ்3/5ஏ என்பது அவற்றின் பெயர். 1970களில் பிபிசி தன் வெளிக்கள ஒலிபரப்பு வண்டிகளுக்குள் ஒலியைச் சரிபார்ப்பதற்காக வடிவமைத்தவை. மனிதக் குரலை உள்ளபடி காட்டுவதில் பேர்பெற்றவை.

பாடல் தொடங்கியது. இடப்புறம் ஒரு கருவி, வலப்புறம் வேறொன்று. குரலோ இரு பெட்டிகளிலிருந்தும் வரவில்லை. நடுவே, வெறுஞ்சுவரின் முன்னே, ஓர் ஆள் நின்று பாடினார். அடிகளுக்கிடையே அவர் மூச்சிழுப்பதும் கேட்டது. அப்பாடல்கள் ஸ்டீரியோ முறையில் பதிவானவை. இரு புறமும் சம அளவில் வரும் குரலை நம் மூளை நடுவில் நிறுத்திக்கொள்கிறது என்பதைப் பின்னாளில் படித்தறிந்தேன். அன்றோ வியந்து அமர்ந்திருந்தேன். மழை விட்டும் எழ மனமில்லை. இப்படியொரு கருவியின் முன் அப்பாவை அமர்த்த வேண்டும் என்று மட்டும் உறுதிகொண்டேன்.

அதற்கு ஒன்பது ஆண்டுகள் ஆயின. 2009இல், இரண்டு மாதச் சம்பளத்துக்கும் மேலான தொகைக்கு, யாரோ பயன்படுத்திய அதே வகைப் பெட்டிகளை வாங்கினேன். அப்பாவை அமர்த்தி அதே பாடலை ஒலிக்கவிட்டேன். கண்மூடிக் கேட்டவர், “நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா அவரு ஏன் போர்வைக்குள்ள இருந்து பாடற மாதிரி இருக்கு?” என்றார்.

கம்பிகளையெல்லாம் கழற்றி மாட்டினேன். பழுது கருவியில் இல்லை.

மருத்துவமனையில் செவிப் பரிசோதனை செய்தபோது, 4,000 ஹெர்ட்ஸ் அருகே அப்பாவின் கேட்புத்திறன் வெகுவாகக் குறைந்திருந்தது. நெடுங்காலப் பேரிரைச்சல் முதலில் பறிப்பது அந்தப் பகுதியைத்தானாம். மூச்சொலியும் சகரம் போன்ற மெல்லிய ஒலிகளும் அப்படிப்பட்ட உயர் அதிர்வெண்களில்தான் தெளிவு பெறுகின்றன. இருபத்தாறு ஆண்டுகள் காதுக் கவசமின்றி அவர் அந்த இயந்திரத்தருகே நின்றார். தொலைக்காட்சியை உரக்க வைக்கிறாரென்று அவரை எத்தனை முறை கடிந்திருப்பேன்! அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

அவ்வாண்டு என் வகுப்பில், சொல்வதெழுதுதலில் ஓயாது பிழைவிடும் மாணவன் ஒருவன் இருந்தான். கவனமில்லாதவன் என்றே எண்ணியிருந்தேன். மறுநாளே அவனை முன்வரிசைக்கு மாற்றினேன். காதைப் பரிசோதிக்கும்படி அவன் தாயாரிடம் சொன்னேன். அவனுக்கும் ஒரு செவியில் குறை இருந்தது.

அப்பா இப்போது செவித்துணைக் கருவி அணிந்திருக்கிறார். போர்வை முழுதும் விலகவில்லை, சற்றே விலகியிருக்கிறது. ஞாயிறு காலைகளில் அந்தப் பெட்டிகளின் முன் அவருக்கென ஒரு நாற்காலி உண்டு.

அன்பர்களே, உங்கள் வீட்டுப் பெரியவர் தொலைக்காட்சியை உரக்க வைத்தால், கடிந்துகொள்ளுமுன் அவரை ஒருமுறை செவிப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.