பன்னிரண்டாம் ஊசி

2025 அக்டோபர் 14ஆம் நாளோடு விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கான பொது ஆதரவு முடிவுற்றது. அடுத்த பதிப்பை ஏற்க வேண்டிய பாதுகாப்புச் சில்லு முதலியன பழைய கணிப்பொறிகள் பலவற்றில் இல்லை. ஆகவே உழைக்கும் வலுவிருந்தும் எத்தனையோ கருவிகள் நோயின்றியே ஓய்வு பெறும் நிலைக்கு வந்தன. போச்சம்பள்ளியில் நம் பங்கு இல்லத்துப் படிப்பறைக் கணிப்பொறியும் அவற்றுள் ஒன்று.

அது அலங்காரப் பொருளாயின் கவலையில்லை. சிப்காட் தொழிற்பேட்டைக்கு வேலைக்குச் செல்வோரின் பிள்ளைகள் மாலைதோறும் அதன்முன் அமர்கிறார்கள். அவர்களுள் ஒருத்தி பாலிடெக்னிக்கில் இயந்திரவியல் பயில்பவள். வீட்டில் கைபேசி மட்டுமே உண்டு. பொறி வரைபடமோ கைபேசியில் பழகக்கூடிய கலையன்று. தேர்வுக்குப் பத்து நாள்களே இருந்த வேளையில், பங்கு இளைஞர் ஒருவர் பழையதை நீக்கிவிட்டு லினக்ஸ் மின்ட்டை நிறுவித் தந்தார்.

லினக்ஸ் என்றதும் யாரும் மிரள வேண்டா. 2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு, சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்த்தே தரப்பட்டது. நாம் அறிந்த பிள்ளைகள் பலர் அதைத் திறந்தும் பார்த்ததில்லை என்பது வேறு செய்தி.

எல்லாம் நன்றாக நடந்தது, திரை ஒன்றைத் தவிர. 1366க்கு 768 ஒளிப்புள்ளிகள் கொண்ட அகன்ற திரை, 1024க்கு 768 என்னும் அளவுக்குமேல் செல்ல மறுத்தது. உயரம் மாறவில்லை, அகலம் மட்டும் மூன்றில் ஒரு பங்கு இழுபட்டது. எழுத்துகள் பருத்து மங்கின. மெய்யெழுத்தின் புள்ளி உண்டா இல்லையா என்று கூர்ந்து நோக்க வேண்டியதாயிற்று. 'கல்'லும் 'கல'வும் ஒன்றாகிவிட்டால் தமிழ் படிப்பது எங்ஙனம்? அம்மாணவி வரைந்த வட்டமோ கோழிமுட்டையாகக் காட்சி தந்தது.

நாம் முதலில் ஐயுற்றது வரைகலை இயக்கியை. நிறுவும்போது திரை இருண்டுவிடாதிருக்க 'நோமோட்செட்' என்னும் சொல்லைத் தொடக்கக் கட்டளையில் சேர்ப்பதுண்டு. அது பின்னரும் தங்கிவிட்டால் இயக்கி முழுமையாக எழாது. தேடினோம், அச்சொல் அங்கில்லை. அடுத்து அவ்விளைஞர் 'எக்ஸ்ரேண்டர்' கட்டளையால் வேண்டிய அளவைக் கையாலேயே எழுதிச் சேர்த்தார். திரை விரிந்தது. ஆனால் அளவைக் கணக்கிட்டுத் தரும் 'சிவிடி' என்னும் கருவி அகலத்தை எட்டின் மடங்காகவே கொள்ளும். 1366ஐ 1368 ஆக்கிற்று. அந்த இரண்டு புள்ளிகளின் வேறுபாட்டால் எழுத்தின் கூர்மை சற்றே குன்றியது. கணிப்பொறியை நிறுத்தித் தொடங்கினால் அதுவும் மறைந்துபோகும். தொடக்கத்திலேயே தானாக இயங்கும்படி அதை எழுதிவைத்துவிடலாம் என்றார் அவர். நமக்கு மனம் ஒப்பவில்லை. கேள்விக்கு விடை கிடைக்காமலே அதை மூடிவைப்பதாகப் பட்டது.

உண்மையில் ஒவ்வொரு திரையும் தன்னைப் பற்றிய குறிப்பொன்றை 128 பைட்டுகளில் ஏந்தியிருக்கிறது. அதற்கு 'எடிட்' என்று பெயர். தன் அகலம், உயரம், துடிப்பு ஆகியவற்றைக் கேட்ட கணிப்பொறிக்கு அது சொல்கிறது. பழைய நீலமுனை வி.ஜி.ஏ. கம்பியின் பதினைந்து ஊசிகளுள் 12ஆம் ஊசியும் 15ஆம் ஊசியும் இந்த உரையாடலுக்கு உரியவை. படத்தைக் கொண்டுசெல்பவை வேறு ஊசிகள். ஆகவே படம் வரும், குறிப்பு வராது. விடை வராதபோது, இயங்குதளம் தீங்கற்ற சிறிய அளவொன்றில் நின்றுவிடுகிறது.

கம்பியைக் கழற்றிப் பார்த்தோம். இரண்டு இடங்களில் ஊசி இல்லை. நடுவரிசையின் ஒன்பதாவது பல கம்பிகளில் வேண்டுமென்றே விடப்படுவது, அதனால் கேடில்லை. கீழ்வரிசையில் பன்னிரண்டாவது ஒடிந்திருந்தது. எத்தனை ஆண்டுகளாக என்று யாருக்குத் தெரியும்? பழைய இயங்குதளம், யாரோ என்றோ ஒருநாள் கற்பித்த அளவை நினைவில் வைத்துக்கொண்டு காலம் தள்ளியிருக்க வேண்டும். புதியதற்கு அந்த நினைவு இல்லை. அது திரையிடமே நேரில் கேட்டது.

ஞாயிற்றுச் சந்தைக் கூட்டத்தினூடே சென்று, கிருஷ்ணகிரியிலிருந்து வேறு கம்பி வாங்கி வந்தார் இளைஞர். செருகியதும், கட்டளை எதுவுமின்றியே, 1366க்கு 768 பட்டியலில் தோன்றியது.

மாணவி ஒரு வட்டம் வரைந்தாள். அளவுகோலைத் திரைமேல் வைத்துக் குறுக்கும் நெடுக்குமாக அளந்தாள். "இனி நான் பார்த்துக்கொள்கிறேன் சாமி" என்று சொல்லிவிட்டு, பல்சக்கரம் ஒன்றை வரையத் தொடங்கினாள்.