மண் நகர்வு

ஆகஸ்ட் வந்துவிட்டால் எங்கள் வீட்டுப் படுக்கையறைக் கதவு சாத்தாது. நிலையின் மேல்மூலையில் இடிக்கும். அந்த மூலையிலிருந்து கூரையைப் பார்த்துச் சாய்வாக ஒரு கீறல் ஓடும், ஒரு நாணயத்தைச் செருகி வைக்கலாம். ஜனவரியில் அதே கதவை ஒரு விரலால் தள்ளினால் போய்ப் பொருந்திக்கொள்ளும். கீறலும் மயிரிழையாக ஒடுங்கிவிடும். வாங்கிய முதல் கோடையில் இதெல்லாம் தெரியாமல் தச்சரை வரவழைத்துக் கதவின் மேல்விளிம்பை இழைக்கச் சொன்னோம். குளிர்காலம் வந்தபோது இழைத்த இடத்தில் ஒரு சந்து விழுந்திருந்தது. அது வழியாக ஹால் வெளிச்சம் இன்றைக்கும் எங்கள் படுக்கையில் விழுகிறது.

டாலஸுக்கு வடக்கே, காலின் கவுண்டியில் இருக்கிறோம். இந்தப் பக்கத்துக்காரர்கள் கோடையில் வீட்டுக்குத் தண்ணீர் ஊற்றுவார்கள். செடிக்கு இல்லை, வீட்டுக்கு. நீர் கசியும் ரப்பர் குழாயைச் சுவரிலிருந்து ஓர் அடி தள்ளி வீட்டைச் சுற்றிப் படுக்கவைத்து, சாயங்காலம் திறந்துவிடுவார்கள். இங்கே வீடுகள் பெரும்பாலும் ஒரே கான்கிரீட் தளத்தின்மேல்தான் உட்கார்ந்திருக்கின்றன. ஓரத்து மண் காய்ந்து சுருங்கினால் தளத்தின் ஓரம் பிடிமானம் இல்லாமல் போகும். நடுவில் இருக்கும் மண் ஈரத்தோடு அப்படியே இருக்கும். தளம் வளையும், சுவர் விரியும். அதனால்தான் குழாய்.

2019 ஆகஸ்டில் அப்பா வந்திருந்தார். நான் குழாயைத் திறந்துவிடுவதை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன தாயி, வீட்டுக்கா தண்ணி பாய்ச்சுத?"

சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. கொல்லைப்பக்கம் போனார். குழாய் எட்டாத இடத்தில் புல் கருகி, தரை பாளம் பாளமாக வெடித்திருந்தது. குத்தவைத்து உட்கார்ந்து ஒரு வெடிப்புக்குள் கையை விட்டார். முழங்கை வரைக்கும் போனது. ஒரு கட்டியை எடுத்து விரலால் நொறுக்கி, எச்சில் தொட்டுப் பிசைந்து பார்த்தார்.

"ஏ தாயி, இங்க வந்து பாரு. கரிசல்லா இது!"

எங்கள் ஊர் கோவில்பட்டிக்குக் கிழக்கே. கரிசல் காட்டில் பருத்தியும் உளுந்தும் போட்ட குடும்பம். 2008இல் நான் மேல்படிப்புக்கு இங்கே வருவதற்காக அப்பா இரண்டு ஏக்கர் நாற்பது சென்ட் காட்டை விற்றார். அதைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் பேசுவதில்லை. அன்றைக்குக் கொல்லையில் அவர் கையில் இருந்த கட்டியைப் பார்த்தபோதும் நாங்கள் இரண்டு பேருமே அதைப் பேசவில்லை. அவர் கேட்டது ஒன்றுதான்: "கரிசல்ல போயி எவனாவது வீடு கட்டுவானா? இது காடுல்லா."

அன்று இரவு, அமெரிக்க வேளாண்மைத் துறை வைத்திருக்கும் மண் வரைபடத்தில் எங்கள் முகவரியைத் தட்டினேன். யாரும் பார்க்கலாம், காசு கிடையாது. எங்கள் தெரு முழுக்க ஒரே பெயர்: ஹூஸ்டன் பிளாக் களிமண், 1 முதல் 3 சதவீதச் சரிவு. டெக்சாஸின் அடையாள மண்ணாகச் சொல்லப்படுவது இதுதான். டாலஸுக்கு வடக்கிலிருந்து சான் அந்தோணியோ வரை நீண்டு கிடக்கும் கரும்புல்வெளியில் ஏறத்தாழ பதினைந்து லட்சம் ஏக்கருக்குப் பரவியிருக்கிறது.

அதன் முழுப் பெயரைப் படித்தபோது முதலில் மந்திரம் மாதிரி இருந்தது: ஃபைன், ஸ்மெக்டிட்டிக், தெர்மிக் யூடிக் ஹாப்லஸ்டர்ட்ஸ். இதை வால் பக்கத்திலிருந்து பிரிக்க வேண்டும். கடைசியில் நிற்கும் 'எர்ட்' என்பதுதான் குலம். வெர்டிசால் என்பதன் சுருக்கம். லத்தீனில் 'திருப்புதல்' என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது. உலகத்து மண்ணையெல்லாம் பன்னிரண்டு பெரும்பிரிவுகளில் அடக்கும் அந்த முறையில் இது ஒன்று. இந்தப் பிரிவில் சேர மூன்று தகுதிகள் முக்கியம். மேல் அரை மீட்டரில் எல்லா அடுக்கிலும் குறைந்தது 30 சதவீதம் களி இருக்க வேண்டும். வெடிப்புகள் திறந்து மூட வேண்டும். ஒரு மீட்டர் ஆழத்துக்குள் மண்ணோடு மண் உரசி வழுவழுப்பான முகங்களோ, ஆப்பு வடிவக் கட்டிகளோ உண்டாகியிருக்க வேண்டும்.

காய்ந்த காலத்தில் மேல்மண் பொடிந்து வெடிப்புக்குள் விழுகிறது. மழை பெய்து அடிமண் உப்பும்போது, விழுந்த மண் ஏற்கெனவே இடத்தை அடைத்திருக்கிறது. உப்புகிற மண் பக்கவாட்டிலும் மேலேயும்தான் போக முடியும். கட்டி கட்டியை நெம்பி, வழுக்கி, உரசிப் பளபளப்பாக்குகிறது. மண்வெட்டியால் வெட்டி எடுத்தால் அந்த முகம் மெழுகு பூசினாற்போல் மின்னும், அதில் கீற்றுக் கீற்றாகக் கோடு இருக்கும். இந்தப் பக்கத்துப் பழைய விவசாயிகள் இதை 'பிளாக் வேக்ஸி' என்று சொல்லியிருக்கிறார்கள். கருப்பு மெழுகு.

'ஸ்மெக்டிட்டிக்' என்பது களியின் வகை. மெல்லிய ஏடுகளை அடுக்கிய கனிமம், ஒவ்வோர் ஏடும் சுமார் ஒரு நானோமீட்டர். ஏட்டுக்கும் ஏட்டுக்கும் நடுவில் தண்ணீர் புகுந்தால் விலகும், வெளியேறினால் ஒட்டும். என் வீட்டுக் கதவு இடிப்பதன் காரணம் அவ்வளவுதான். 'தெர்மிக்' என்பது வெப்பம்: அரை மீட்டர் ஆழத்தில் ஆண்டுச் சராசரி 15 முதல் 22 டிகிரிக்குள், கோடைக்கும் குளிருக்கும் நல்ல வித்தியாசத்தோடு. எங்கள் ஊர்க் கரிசலுக்கு இந்த இடத்தில் வேறு சொல் வரும்: ஐசோஹைப்பர்தெர்மிக். அதாவது சூடு, வருடம் முழுக்க ஏறக்குறைய ஒரே சூடு. அப்பாவுக்கு இதைச் சொன்னபோது, "அதுக்கு ஒரு பேரு வேற வச்சிருக்கானா?" என்றார்.

என்னை நிறுத்தியது அடுத்த இரண்டு சொற்கள். 'உஸ்ட்' என்றால் சாதாரண வருடத்தில் வெடிப்புகள் மொத்தமாக 90 நாளோ அதற்கு மேலோ திறந்திருக்க வேண்டும். 'யூடிக்' என்றால் 150 நாளுக்குக் குறைவாகத் திறந்திருக்க வேண்டும். பாசனம் இல்லாத நிலத்தில், அரை சென்டிமீட்டராவது அகலமுள்ள வெடிப்பை வைத்து இந்தக் கணக்கு. வெடிப்பு எத்தனை நாள் வாய் திறந்து கிடக்கிறது என்று எண்ணி ஒரு மண்ணுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். நான் இத்தனை நாள் கோளாறு என்று நினைத்ததைத்தான் அவர்கள் இலக்கணமாக எழுதி வைத்திருந்தார்கள்.

பிறந்த கதையையும் அந்தப் பெயர் கேட்பதில்லை. ஹூஸ்டன் பிளாக் கிரெட்டேசியஸ் காலத்துக் கடலில் படிந்த சுண்ணாம்புக் களியிலிருந்து வந்தது. தக்காணத்துக் கருமண் எரிமலைப் பாறையிலிருந்து வந்தது, அந்தப் பாறை எங்கள் ஊர் வரைக்கும் எட்டவே இல்லை. மூன்றும் ஒரே குலம். எங்கிருந்து வந்தாய் என்று கேட்காமல் எப்படி நடந்துகொள்கிறாய் என்று கேட்கிற வகைப்பாடு. வெளிநாட்டில் வாழ்கிற எனக்கு அது கொஞ்சம் பிடித்திருந்தது.

ஒரு வரி மட்டும் உதைத்தது. வடிகால்: 'ஓரளவு நன்றாக வடியும்.' ஏழு படிகள் கொண்ட அளவுகோலில் 'நன்றாக' என்பதற்கு அடுத்த படி. ஆனால் அதே பக்கத்தில், நீர் இறங்கும் வேகம் 'மிக மெதுவாக' என்றும் இருக்கிறது. வசந்தகால மழைக்கு எங்கள் கொல்லையில் மூன்று நாள் தண்ணீர் நிற்கும். எப்படி 'நன்றாக'?

இரண்டும் வேறு வேறு கேள்வி என்று புரியக் கொஞ்ச நாளானது. இறங்கும் வேகம் என்பது நனைந்த களி தண்ணீரை எவ்வளவு விரைவாக உள்ளே விடுகிறது என்பது. உப்பி மூடிக்கொண்ட களி ஏறக்குறைய விடுவதே இல்லை. வடிகால் என்பது வருடக் கணக்கு: வேர் ஓடும் ஆழத்தில் தண்ணீர் எவ்வளவு காலம் தேங்குகிறது என்பது. லேசான சரிவு இருப்பதால் பெரும்பகுதி மேலோடு ஓடிவிடுகிறது. காய்ந்த காலத்து முதல் மழையோ நேராக வெடிப்புக்குள் போய்விடுகிறது. இதை அப்பாவிடம் விளக்க நான் ரொம்பப் பாடுபட்டேன். அவர் ஒரே வரியில் முடித்தார்: "மொத மழையக் கரிசல் குடிச்சிரும். அடுத்த மழதான் கம்மாய்க்கு."

அவர் ஊருக்குப் போவதற்கு முந்தின சனிக்கிழமை ஹண்ட் கவுண்டியில் இருக்கும் கிளைமர் மெடோவுக்குக் கூட்டிப்போனேன். உழவு படாத புல்வெளி. கரும்புல்வெளியில் இப்படி மிச்சம் இருப்பது ஒரு சதவீதத்துக்கும் குறைவு என்கிறார்கள். 1870களுக்குப் பிறகு ரயில் பாதைகள் வந்ததும் எல்லாவற்றையும் உழுது பருத்தி போட்டுவிட்டார்கள். ஆள் உயரத்துக்குப் புல். தரை சமமாக இல்லை, குண்டும் குழியுமாக அலை அடித்தது போல் போகிறது. ஆஸ்திரேலியப் பூர்வகுடிகளின் சொல்லை எடுத்து இதற்குக் 'கில்காய்' என்று பெயர். இந்த ஊர்ப் பெயர் 'ஹாக் வாலோ', பன்றி புரண்ட பள்ளம். பன்றி இல்லை, மண்தான் புரண்டது. உழுதால் இந்த அலை சமமாகி மறைந்துவிடும். அப்பா பள்ளத்தில் ஒரு கால், மேட்டில் ஒரு கால் வைத்து ரொம்ப நேரம் நின்றார். "உழாத கரிசல நான் பாத்ததே இல்ல" என்றார்.

வரைபடத்தில் எங்கள் மண்ணுக்கு இன்னும் இரண்டு குறிப்புகள் உண்டு. விவசாயத்துக்கு: முதல்தர நிலம். வீடு கட்ட: மிகவும் குறைபாடுள்ளது, காரணம், சுருங்கி விரிதல். இந்தத் தெரு வயலாக இருந்த காலத்திலேயே மண் ஆய்வு முடிந்து, இதெல்லாம் அச்சாகியிருந்தது. வீடு கட்டி விற்றவர்களுக்கும் தெரிந்திருக்கும். வாங்கிய நாங்கள்தான் பார்க்கவில்லை. சமையலறை மேடையின் கல்லைப் பார்த்தோம்.

இந்த மார்ச்சில் வீட்டை விற்பதென்று முடிவானது. கணவருக்கு வேறு ஊரில் வேலை. "இப்பவே போட்டுடலாம்" என்றார் அவர். மழை பெய்து மண் உப்பியிருக்கிறது, கதவெல்லாம் சரியாகச் சாத்துகிறது. கீறலில் பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்தால் ஒன்றும் தெரியாது. தூண் இறக்கிச் சரிசெய்ய ஆகும் செலவை நினைத்தால் எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

அன்று இரவு அப்பாவுக்குப் போன் போட்டேன். இத்தனை வருடமாகக் கேட்காததைக் கேட்டேன்.

"அப்பா, நம்ம காட்ட வித்தீங்களே. வாங்குனவர்ட்ட என்ன சொன்னீங்க?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"என்னத்தச் சொல்ல? ஐப்பசியில வந்து பாத்தான். பயிரு நின்னுச்சு, தர மூடிக் கெடந்துச்சு. வெள்ளாமைக்குன்னு நெனச்சேன். அடுத்த வருசமே கல்லு ஊனி ப்ளாட் போட்டுட்டான்." பிறகு அவராகவே சொன்னார். "ஒரு ரிட்டையர்டு வாத்தியாரு வீடு கட்டிருக்காரு. ஆழமா வானம் தோண்டி மணல் போடல போல. சுவரு பூரா வெடிச்சிருச்சு. பஸ் ஸ்டாப்புல அவரப் பாத்தா நான் அந்தப் பக்கம் போயிருவேன் தாயி."

"நீங்க அவருக்கா வித்தீங்க?"

"இல்லதான். ஆனா அது என்ன மண்ணுன்னு எனக்குத் தெரியும்லா."

டெக்சாஸில் வீடு விற்பவர் தனக்குத் தெரிந்த குறைகளை ஒரு படிவத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். நீளமான பட்டியல். கரையான், வெள்ளம், ஒழுகும் கூரை. நடுவில் ஒரு வரி: மண் நகர்வு. உங்களுக்குத் தெரிந்திருந்தால் ஆம், தெரியாவிட்டால் இல்லை.

ஆம் என்று எழுதினேன். விளக்கம் எழுத விட்டிருந்த இடத்தில், ஜூலைக் கடைசியிலிருந்து அக்டோபர் வரை படுக்கையறைக் கதவு சாத்தாது என்றும், ரப்பர் குழாய் கராஜில் இருக்கிறது, அதை விட்டுவிட்டுப் போகிறோம் என்றும் எழுதினேன். கணவர் படித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் கீழே கையெழுத்துப் போட்டார்.