காதைக் கொடுங்கள்

மெயின்டனன்ஸ் வேலைக்குப் புதுசாகப் போகிறீர்களா? முதலில் ஃபிட்டர்களைச் சிநேகம் பிடியுங்கள். கோவை ஸ்பின்னிங் மில் ஒன்றில் எனக்கு பி.இ. சர்டிஃபிகேட்டைவிட உதவியது, ஒரு ஃபிட்டர் அண்ணன் கொடுத்த நீள ஸ்க்ரூடிரைவர்தான். நுனியை பேரிங் ஹவுஸிங்கில் ஊன்றி, கைப்பிடியைக் காதில் வையுங்கள். சீரான 'ர்ர்ர்' என்றால் நிம்மதி. 'கடக் கடக்' என்றால் தேய்மானம். உடனே கிரீஸை அமுக்காதீர்கள். அளவு மீறினால் அதுவே சூடேற்றும்! 6205 பேரிங்கா? கடைசி 05-ஐ ஐந்தால் பெருக்கினால் உள்விட்டம், 25 மி.மீ. இதுவும் அண்ணன் சொன்ன கணக்குதான்.

இதெல்லாம் சுலபம். ஆர்டர் நெருக்கடியில், நன்றாக ஓடுகிற கார்டிங் மெஷினைக் காட்டி "நிறுத்துங்க சார்" என்று புரொடக்‌ஷன் மேனேஜரிடம் சொல்லணுமே! எனக்கு அப்போது வயது 22.

"பேரிங் நல்லா இருந்துச்சு, நீ வீட்டுக்குப் போக வேண்டியதுதான்" என்றார்.

கழற்றினோம். உள்வளையம் செதில் செதிலாகப் பெயர்ந்திருந்தது. பாராட்டா? மூச்! மறுநாள் வேறொரு மெஷின் பக்கத்தில் நின்றபடி அவரே கூப்பிட்டார்: "தம்பி, இதையுங் கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்க."