வில்லும் எண்ணெயும்

விழாமலருக்குக் கட்டுரையொன்று வேண்டுமென மலராசிரியர் பணித்தபோது, தமிழாசிரியராகிய நாம் இலக்கியம் பற்றியோ இலக்கணம் பற்றியோ எழுதுவோமென்றே எதிர்பார்த்திருப்பார். நாமோ மோட்டார் சைக்கிளின் பின்புறச் சொக் அப்சோபரைப் பற்றி எழுதப் புகுந்தோம். அன்பர்கள் முகஞ் சுளியாது இறுதிவரை வாசிப்பார்களாக.

கோப்பாய் ஆசிரிய கலாசாலையிற் பயிற்சி முடித்து வெளியேறிய பின்னர் நாம் வாங்கியது 100 சீசீ இந்திய மோட்டார் சைக்கிள் ஒன்றாகும். சுன்னாகத்திலுள்ள எமது இல்லத்திலிருந்து கல்லூரிக்கும், மாதந்தோறும் அன்னையாருடன் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கும் அதுவே எம்மைச் சுமந்து சென்றது. 2023ஆம் ஆண்டில் அன்னையாரின் முள்ளந்தண்டிலே தேய்வு கண்டது. காங்கேசன்துறை வீதி ஒப்புரவானதே. ஆயினும் அதனை அடையுமுன் எமது ஒழுங்கை இருக்கின்றது. மாரிமழை மண்ணைக் கழுவிவிட, சுண்ணக்கற்கள் அங்கே பல்லிளித்துக் கிடக்கும். பள்ளந்தோறும் அன்னையாரின் கை எமது தோளை இறுகப் பற்றும். வாய் திறந்து ஒன்றுஞ் சொல்லார். அந்தப் பிடியே அவர் வேதனையை எமக்கு அளந்து காட்டிற்று.

புதிய வாகனம் வாங்க வழியில்லை. 2020இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதிக்கு 2025இலேதான் மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட காலத்திற் பழைய மோட்டார் சைக்கிள்களும் பொன்விலை விற்றன. ஆகவே உள்ளதைத் திருத்துவதென்று துணிந்தோம்.

சொக் அப்சோபரில் முக்கியமானவை இரண்டு. ஒன்று சுருள்வில், மற்றையது எண்ணெய்க்குழாய். வில் பாரத்தைத் தாங்கும். பள்ளத்தில் அமிழ்ந்து மீண்டும் எழும். அம்பெய்யுங் கருவிக்குரிய 'வில்' என்ற சொல் வண்டியின் கீழே வந்து புகுந்தது இன்று நேற்றன்று. நம் பாட்டனார் காலத்து வில்லு வண்டியை நினைவு கூர்க. விசைக்கேற்ப வில் நீளும் என்னும் விதியை றொபேட் ஹூக் என்ற ஆங்கிலேய அறிஞர் 1678இல் விளக்கி வெளியிட்டார். ஆனால் வில்லுக்கு ஒரு குறையுண்டு. வாங்கிய அடியை அது மறவாது; திருப்பிக் கொடுக்கும்; மீண்டும் மீண்டுந் துள்ளும். அத்துள்ளலை அடக்குவது எண்ணெய். குழாயினுள்ளே பிஸ்டன் ஏறியிறங்கும்போது எண்ணெய் சிறு துவாரங்களூடே நெருக்குண்டு செல்லும்; துள்ளலின் ஆற்றல் வெப்பமாகி வெளியேறும். காப்பு றப்பர் தேய்ந்து எண்ணெய் கசிந்துவிட்டால் வில் தனித்து நின்று ஆடும். இருக்கையை அமுக்கிக் கைவிட்டாற் போதும்: ஒருமுறை எழுந்து அடங்கினால் நல்ல சொக், பலமுறை ஆடினால் எண்ணெய் இழந்த சொக். எமது வாகனம் நான்குமுறை ஆடிற்று.

யாழ்ப்பாண நகரக் கடையொன்றிலே வேறு நிறுவனத்தார் செய்த சோடியொன்றை வாங்கினோம். சிவப்பு வில், பக்கத்திலே நைதரசன் அடைத்த சிறு குப்பி. அழுத்தமுள்ள அவ்வாயு எண்ணெயை நுரைக்கவிடாது காக்கும். விலை எமது மாதச் சம்பளத்தின் நான்கிலொரு பங்கு. வலியதே நல்லதென்று எண்ணி, கடைக்காரர் காட்டியவற்றுள் மிக வலியதையே தெரிந்தோம். பழைய சொக்கைவிட அது 20 மில்லிமீற்றர் நெடியதாகவும் இருந்தமையால் வாகனம் பின்புறம் நிமிர்ந்து கம்பீரமாய்த் தோன்றிற்று. கண்டோர் திரும்பிப் பார்த்தனர். நாம் பெருமை கொண்டோம் என்பதை மறைப்பது தகாது.

அடுத்த கிளினிக் நாளன்று அன்னையார் ஏறியமரவே இடர்ப்பட்டார். ஒழுங்கை கடந்ததும், அதுவரை ஒன்றுஞ் சொல்லாதவர் வாய் திறந்தார்.

"தம்பி, முந்தித் தூக்கிப் போட்டுது, இப்ப குத்துது."

அன்றிரவு அவர் உறங்கவில்லை. வில்லைத் தாங்கும் வளையத்தைத் திருகி, ஐந்து படிகளுள் முதலாம் படிக்கு இறக்கிப் பார்த்தோம். பயனில்லை.

எமது ஊரிற் கராஜ் வைத்திருக்கும் இளைஞர் இக்கல்லூரியின் பழைய மாணவர். எம்மிடந் தமிழ் கற்றவர். வல்லினம் மிகும் இடமும் மிகா இடமும் அவருக்கு ஒருபோதும் பிடிபட்டதில்லை. அதற்காக ஒருநாள் வகுப்பு முழுவதுங் கேட்க, "நீ ஒன்றுக்கும் உதவமாட்டாய்" என்று ஏசியவர் நாமே. அவரிடந்தான் இப்பொழுது போக நேர்ந்தது.

"சேர், வளையத்தைத் திருகினா உயரந்தான் மாறும், கம்பியின்ரை தடிப்பு மாறுமே? இது மூட்டை ஏத்துறவைக்குச் செய்தது. அம்மா எத்தினை கிலோ?"

அந்தக் கேள்வியை நாம் கடையிலே கேட்டோமல்லோம். அன்னையார் 42 கிலோ, நாம் 63. இருவரையும் ஏற்றியிருத்தி, வில் அமிழும் அளவை நாடா பிடித்து அளந்தார். முழு ஓட்டத்தில் நான்கிலொரு பங்கு முதல் மூன்றிலொரு பங்குவரை அமிழ்தல் வேண்டுமாம். எமது வில் அதிற் பாதியும் அமிழவில்லை. நெடிய சோடியைக் கழற்றி, பழைய அளவினதும் மெல்லிய கம்பியினதுமான வேறொரு சோடியைப் பூட்டினார். சில்லுகளின் காற்றையும் சரிபார்த்தார். கூலி வாங்க மறுத்துச் சிரித்தார்.

"இது வல்லினம் மிகா இடம், சேர்."

மறுமாதம் ஒழுங்கையிலே அன்னையாரின் கை எமது தோளில் வெறுமனே கிடந்தது. அப்பொழுது 1995 ஒக்டோபர் 30ஆம் நாள் இரவு நினைவுக்கு வந்தது. வலிகாமத்து மக்கள் பெருந்திரளாய் நாவற்குழிப் பாலங் கடந்து தென்மராட்சிக்குச் சென்ற இரவு அது. எமக்கு 12 வயது, காலிலே புண். தந்தையார் சைக்கிளைத் தள்ள, நாம் கரியரில் இருந்தோம். இரும்பு குத்தாதிருக்க, அன்னையார் தமது சேலையொன்றைச் சாக்கினுள் மடித்து வைத்துக் கட்டியிருந்தார். தாம் நடந்தே வந்தார். எமது பாரமும் நோவும் அறிந்து அவர் மடித்தார். நாமோ அவருடையவற்றைக் கேளாமலே வாங்கினோம்.

தாங்குவோன் தன் வலிமையைக் காட்டுவதற்கன்று. தாங்கப்படுவோரின் நிறையறிந்து தாங்குவதற்கே உள்ளான். வகுப்பறைக்கும் அது பொருந்தும் என்பதைக் காலந் தாழ்த்தி உணர்ந்தோம். அன்று வகுப்பிலே பலரறியச் சொன்ன சொல்லைப் பலரறியவே மீளப் பெறுவதுதான் முறை. எமது பழைய மாணவராகிய அவர் இம்மலரைத் தவறாது வாசிப்பார். ஆகவே அச்சொல்லை இப்பக்கத்திலே திரும்பப் பெறுகின்றோம்.

கல்லூரி அன்னை நீடு வாழ்க.