350 கிராம்

கடைக்கார அம்மா படிவத்தை நீட்டினார். எடை, உயரம், வயது, பூட்டின் அடிநீளம். நான்கையும் மளமளவென்று எழுதிவிட்டேன். 62 கிலோ, 168 சென்டிமீட்டர், 29 வயது, 297 மில்லிமீட்டர். ஐந்தாவது கேள்வியில் பேனா நின்றுவிட்டது. நீங்கள் எப்படிச் சறுக்குபவர்? எதிரே மூன்று கட்டங்கள்: நிதானம், நடுத்தரம், வேகம்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் வேறொரு ஊரில், ஸ்கீ வாடகைக்குக் கொடுக்கும் கடையில், இதே கேள்விக்கு மூன்றாவது கட்டத்தில் டிக் போட்டேன். அதுவரை வாழ்க்கையில் மொத்தம் பதினோரு நாள்தான் சறுக்கியிருந்தேன். ஆனால் பின்னால் வரிசையில் ஆய்வகத்து ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். வேறு காரணம் எதுவும் இல்லை.

விழுந்ததுகூட வேகத்தில் இல்லை. லிஃப்டுக்குப் பக்கத்தில், கிட்டத்தட்ட நின்றுகொண்டிருந்தபோது. இடது ஸ்கீ ஒரு பக்கம் திரும்ப, உடம்பு இன்னொரு பக்கம் திரும்ப, பூட் பைண்டிங்கை விட்டு வரவேயில்லை. உள்ளே 'டப்'பென்று ஒரு சத்தம். முழங்கால் தசைநார். அறுவைச் சிகிச்சை, ஊன்றுகோல், மாதக்கணக்கில் பயிற்சி.

பூட்டை ஸ்கீயோடு பிடித்துவைப்பதுதான் பைண்டிங். விழும்போது விட்டுவிடுவதும் அதே பைண்டிங்தான். எவ்வளவு முறுக்கினால் விடவேண்டும் என்பதற்கு ஒரு எண் உண்டு. அந்தப் படிவத்திலிருந்துதான் அது வரும். கட்டம் ஏற ஏற எண்ணும் ஏறும். ஸ்பிரிங் இன்னும் பிடிவாதமாகும். பிஸியோதெரபிஸ்ட் ஒரு விஷயம் சொன்னார்: அந்த எண்களெல்லாம் கணுக்காலுக்கு மேலே இருக்கும் எலும்பு உடையாமலிருக்க வைத்த கணக்கு, முழங்கால் தசைநாருக்கானது இல்லை. சரியான எண்ணிலேயே இருந்திருந்தாலும் அது கிழிந்திருக்கலாம். ஆறுதலுக்குத்தான் சொன்னார். எனக்கு அது ஆறுதலாக இல்லை. கிழிந்திருக்கலாம், சரி. ஆனால் நான் பொய் சொன்னேனே.

கால் தேறியதும் லிஃப்டே வேண்டாம் என்று ஸ்கீ டூரிங் பக்கம் வந்தேன். ஸ்கீயின் அடியில் ஸ்கின் என்கிற பட்டையை ஒட்டிக்கொண்டு, குதிகாலைத் தூக்கித் தூக்கி நடந்தே மலையேற வேண்டும். உச்சியில் பட்டையை உரித்து, குதிகாலைப் பூட்டி, சறுக்கி இறங்க வேண்டும். இன்ஸ்ப்ரூக்கிலிருந்து பஸ் பிடித்தால் பிராக்ஸ்மார். அங்கிருந்து 2,875 மீட்டர் லாம்ப்சன்ஷ்பிட்ஸெ. ஏற்றம் மட்டும் கிட்டத்தட்ட 1,200 மீட்டர்.

யாரோ பயன்படுத்திய ஸ்கீ வாங்கினேன். அதோடு வந்தது பழைய ஃபிரேம் பைண்டிங். சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன், ஒற்றைக்கு ஒரு கிலோவுக்கு மேல். எடைகூடப் பரவாயில்லை. ஃபிரேமில், குதிகாலைத் தூக்கும்போதெல்லாம் பூட்டுக்கு அடியிலிருக்கும் சட்டமும் சேர்ந்தே எழும். ஒவ்வொரு அடிக்கும். 1,200 மீட்டர் என்றால் ஆயிரக்கணக்கான அடிகள். முன்னால் ஆய்வக நண்பன் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு ஏறிக்கொண்டிருப்பான். அவனுடையது 150 கிராம்.

அந்த 150 கிராமுக்குப் பின்னால் இருப்பது டிரோல்காரர் ஃபிரிட்ஸ் பார்ட்டல். கனமான சாமான்களோடு மோன் பிளானுக்குப் போய் நொந்துவந்தவர், 1980களில் ஒரு வழி கண்டுபிடித்தார். பூட்டே கெட்டியாகத்தானே இருக்கிறது, எதற்குச் சட்டம்? பூட்டின் முனையில் இரண்டு பக்கமும் குழி. அந்தக் குழிகளில் இரண்டு சிறு பின்கள் கவ்விக்கொள்ளும். குதிகாலுக்குத் தனியாக இரண்டு பின்கள். நடக்கும்போது வெறும் பூட் மட்டும் எழும், பின்பகுதி ஸ்கீயிலேயே உட்கார்ந்திருக்கும். முதல்முறை கையில் வாங்கிப் பார்த்தபோது சிரித்துவிட்டேன். எலிப்பொறி மாதிரி இருந்தது.

அதற்கப்புறம் ஒரு மாதம் தூக்கமில்லை. எது எத்தனை கிராம் என்று நோட்டில் பட்டியல் போட்டேன். அம்மா போனில், "நானூறு யூரோவா? பனியில வழுக்கி விழறதுக்கா இவ்வளவு காசு?" என்றாள். கேள்வியில் தப்பே இல்லை.

எடை எங்கிருந்து குறைகிறது என்று பார்க்கத் தொடங்கியபோதுதான் விஷயம் புரிந்தது. முதலில் போவது பிரேக். அதற்குப் பதில் ஸ்கீயைக் காலோடு கட்டும் ஒரு கயிறு. அடுத்து, எண்ணை மாற்றும் ஸ்க்ரூ. ரொம்ப லேசான சில பைண்டிங்களில் ஸ்பிரிங்கே இல்லை, U வடிவத்தில் வளைத்த ஒரு கம்பிதான். விடுவிப்பு எண் தயாரிக்கும்போதே உறைந்துபோயிருக்கும். நண்பனுடையது 8. அவனுக்கு அது பொருந்தும். நாலு வயதிலிருந்து சறுக்குகிறவன். எனக்கு வரவேண்டியது 6. 8 என்று வாங்கினால், யாரும் கேட்காமலேயே நான் மறுபடியும் மூன்றாவது கட்டத்தில் டிக் போட்டதாகத்தானே அர்த்தம்?

கடையில் இரண்டாவது கட்டத்தில் டிக் போட்டேன். அம்மணி எட்டிப் பார்த்து, "நிச்சயமா?" என்றார். முதல் கட்டத்துக்கே போய்விடலாமா என்று ஒரு நொடி தோன்றியது. அதுவும் பொய்தான். லேசாக வைத்தால், வேண்டாத இடத்தில் கழன்றுகொள்ளும். செங்குத்துச் சரிவில் ஸ்கீ கழன்றால் முழங்கால் பற்றிக் கவலைப்பட ஆளே இருக்காது. "நிச்சயம்" என்றேன். பிரேக்கோடு ஒற்றைக்கு 350 கிராம். 6ல் வைத்துக் கொடுத்தார்.

ஜனவரியில் மறுபடி லாம்ப்சன்ஷ்பிட்ஸெ. உச்சியில் காற்று காதை அறுத்தது. பூட்டின் குழிகளிலும், முன்பகுதியின் அடியிலும் ஐஸ் அடைத்திருந்தது. அதோடு மாட்டினால் பின்கள் முழுசாகக் கவ்வாது. குத்துக்கோலின் நுனியால் சுரண்டிவிட்டு மாட்டினேன். முன்பக்கக் கைப்பிடியை மேலே இழுத்தால் பூட்டிக்கொள்ளும். ஏறும்போது அப்படித்தான் வைப்பார்கள். இறங்கும்போது பூட்டினால் கிட்டத்தட்ட எதற்கும் விடாது. பனிச்சரிவில் மாட்டினால்கூட ஸ்கீ நங்கூரம் மாதிரி காலை உள்ளே இழுக்கும்.

"பூட்டிக்கிறியா? மேல்பக்கம் இறுகிக் கிடக்கு" என்றான்.

"வேண்டாம்."

"கழன்டா?"

"கழலட்டும்."

நாலாவது திருப்பத்தில் விழுந்தேன். இடது ஸ்கீ காலைத் திருகியது. திருகல் முட்டிக்கு வந்துசேர்வதை உணர்ந்தேன், அந்த 'டப்'புக்காகக் காத்திருந்தேன். 'க்ளக்' என்றது. சத்தம் வெளியிலிருந்து வந்தது. ஸ்கீ கொஞ்ச தூரம் வழுக்கிப்போய்ப் பனியில் குத்தி நின்றது.

அப்படியே உட்கார்ந்து முட்டியை மடக்கி நீட்டிப் பார்த்தேன். ஒருமுறை இல்லை, நாலைந்து முறை. கீழே நண்பன் கத்தினான், "அடிபட்டுச்சா?" இல்லை என்று கையாட்டினேன். தொடைவரை புதைந்து புதைந்து இறங்கி ஸ்கீயை எடுக்கக் கால்மணி நேரம் ஆனது. அவன் குளிரில் குதித்துக்கொண்டிருந்தான். நான் அவசரப்படாமல் குழியிலிருந்த பனியை விரலால் நோண்டி எடுத்தேன்.