கோப்பி மணக்கும் சுருட்டு

சுருட்டிலே கோப்பி மணக்கலாமா என்றொரு வழக்கு, சுருட்டுச் சுவைஞர் மத்தியில் நெடுநாளாக நடந்து வருகின்றது. கூடாது என்போர் கட்சி பெரியது, குரலும் பெரியது. புகையிலை தன் மணத்தாலேயே மணக்க வேண்டும். அதற்கு இரவல் மணம் ஏற்றுவது, பழுதான தேயிலையில் ஏலக்காயைத் தட்டிப் போட்டு விருந்தினருக்குக் கொடுப்பது போன்றது என்பது அவர்தம் வாதம். மறு கட்சிக்காரர் அதிகம் வாதாடுவதில்லை. வாங்கிப் பத்துகிறார்கள், அவ்வளவுதான்.

அண்மையில் இவ்வழக்கின் சான்றுப் பொருள்கள் மூன்று என் கைக்கு வந்து சேர்ந்தன. அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்தில் தொழில் பார்க்கும் என் தங்கையின் மகன் விடுமுறையில் கொழும்புக்கு வந்தபோது கொண்டு வந்தவை. நிக்கரகுவா நாட்டின் எஸ்தெலி நகரில் கையாற் சுற்றப்பட்டவை. ஐந்து அங்குல நீளம், பெருவிரலைவிடச் சற்றுப் பருமன், கருங்கபில நிற மேலிலை. உறையைப் பிரித்ததும் அறை முழுவதும் புதிதாக வறுத்த கோப்பி மணந்தது. என் மனைவி குசினியிலிருந்து எட்டிப் பார்த்து, "ஆருக்குக் கோப்பி போடுறியள்?" என்று கேட்டாள்.

எஸ்தெலியைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் மேலே செல்ல இயலாது. கியூபாவில் 1959ஆம் ஆண்டுப் புரட்சிக்குப் பின்னர் நாட்டை விட்டு வெளியேறிய புகையிலைக்காரர் சிலர், தம் ஊர் மண்ணை ஒத்த மண்ணைத் தேடி அலைந்து, நிக்கரகுவாவின் வடபகுதிப் பள்ளத்தாக்குகளில் அதைக் கண்டனர். 1962இல் அமெரிக்கா கியூபாவின் மீது விதித்த வர்த்தகத் தடை அவர்களுக்குச் சந்தையைத் திறந்துவிட்டது. பின்னர் அதே எஸ்தெலி, சொமோசா ஆட்சிக்கு எதிரான கிளர்ச்சியின்போது, 1978லும் 1979லும் அரச படைகளின் குண்டுவீச்சால் இடிபாடாயிற்று. 1985 முதல் 1990 வரை நிக்கரகுவாவே அமெரிக்கத் தடைக்கு உள்ளானது. இத்தனைக்கும் பின்னர் இன்று உலகின் முதன்மையான சுருட்டு நகரங்களில் ஒன்றாக அது நிற்கிறது. குண்டு விழுந்த ஊர்களையும் பொருளாதாரத் தடையையும் அறிந்த நமக்கு இந்த வரலாற்றுக்கு விளக்கவுரை தேவையில்லை.

எஸ்தெலிக்குத் தொலைவில் இல்லாத மத்தகல்பாவும் ஹினோதேகாவும் கோப்பி விளையும் மலைப் பிரதேசங்கள். புகையிலையும் கோப்பியும் அயல் வீட்டார். ஆகவே ஒன்றின் மணம் மற்றதில் ஏறியதில் வியப்பில்லை. நம் நாட்டில் அவை அயலாக இருந்ததில்லை. புகையிலை வடக்கில், கோப்பி மலையகத்தில். தமிழகத்திலிருந்து கால்நடையாக நடத்தி வரப்பட்ட மக்கள் முதலில் உழைத்தது தேயிலைக்கு அன்று, கோப்பிக்கே என்பதை இளையோர் பலர் மறந்துவிட்டனர். 1869இல் தோன்றிய இலைத்துரு நோய் சில பதிற்றாண்டுகளில் அந்தக் கோப்பியைத் துடைத்தெறிந்தது. இல்லாவிடின் யாழ்ப்பாணத்துச் சுருட்டுக்கடை முதலாளி எவரேனும் ஹற்றனிலோ பதுளையிலோ இந்தச் சேர்க்கையைக் கண்டுபிடித்திருக்கவும் கூடும்!

மணமூட்டும் முறை இருவகை. மலிவான சுருட்டுக்கு வாசனைத் திரவத்தைத் தெளித்துவிடுவார்கள். விலை கூடியவற்றுக்கு, இலையை அல்லது சுற்றிய சுருட்டை, கோப்பியோடும் அதன் சாரத்தோடும் மூடிய அறையில் வாரக் கணக்காக, சில வேளை மாதக் கணக்காக வைத்திருப்பார்கள். பக்கத்தில் இருப்பதன் மணத்தை வாங்கிக்கொள்வது புகையிலையின் இயல்பு. அதனாலேயே இத்தகைய சுருட்டை மற்றச் சுருட்டுகளோடு ஒரே பெட்டியில் வைக்கக் கூடாது என்பார்கள்; ஒரு கிழமையில் அனைத்தும் கோப்பியாகிவிடும்.

தூய்மைவாதிகளின் கட்சி எனக்கு ஒருபோதும் உவப்பானதன்று. அவர்கள் கோயிலாகக் கொண்டாடும் கியூபாவிலேயே, புகையிலைத் தண்டை ஊறவைத்த நீரை இலையின் மேல் தெளித்துப் புளிக்க விடும் வழக்கம் உண்டு. 'பெத்துன்' என்பது அதன் பெயர். நம் ஊரிலோ, இலையைப் புகைக்குடிலில் தொங்கவிட்டு, பொச்சுமட்டையும் ஊமலும் எரித்துப் புகையூட்டுவார்கள். அந்தப் புகைதான் யாழ்ப்பாணச் சுருட்டின் முதல் மணம். அதன்மேல் பாணி வேறு. என் பெரியப்பா சுருட்டுச் சுற்றிய கொட்டிலில், பனங்கட்டி கரைத்துக் காய்ச்சிய பாணி ஒரு மண்சட்டியில் எப்போதும் இருக்கும். என்னென்ன சேர்த்தார்கள் என்று அயல் கொட்டிலாருக்குச் சொல்லமாட்டார்கள். ஆக, தன் மணம் மட்டுமே மணக்கும் சுருட்டை நான் பிறந்ததிலிருந்து கண்டதில்லை.

அந்தக் கொட்டிலுக்கு நான் போனது சுருட்டுக்காக அன்று. எழுபதுகளின் கடைசியில், பள்ளிக்கூடம் விட்டதும் அங்கே சென்று 'ஈழநாடு' பத்திரிகையை உரக்க வாசிப்பது என் வேலை. பத்துப் பன்னிரண்டு பேர் சாக்கில் அமர்ந்து, கை இலையிலும் காது என்னிலுமாக இருப்பார்கள். தலையங்கத்தை இரண்டு தரம் வாசிக்கச் சொல்வார்கள். மரண அறிவித்தல்களை மூன்று தரம். ஹவானாவின் சுருட்டுத் தொழிற்சாலைகளில் 1865 முதல் இதே வழக்கம் இருந்ததையும், வாசிக்கக் கேட்ட நாவலின் பெயரால் 'மொன்ரி கிறிஸ்ரோ' என்ற சுருட்டே வந்ததையும் பல்கலைக்கழகத்தில் படித்தபோதுதான் அறிந்தேன். என் பத்திரிகைத் தொழில் எங்கே ஆரம்பித்தது என்று எவரும் கேட்டால், காரியாலயத்தின் பெயரைச் சொல்வதில்லை, கொட்டிலைத்தான் சொல்வேன்.

இனிச் சுவைக்கு வருவோம்.

மாடியின் திறந்த முற்றத்தில் அமர்ந்தோம். சுருட்டின் வாய்ப்பக்கத்தில் ஒட்டியிருக்கும் சிறிய தொப்பியை மட்டும் கூரான கத்தியால் சீவ வேண்டும். ஆழமாக வெட்டினால் மேலிலை குலைந்துவிடும். பற்றவைக்கு முன்னர் வெறுமனே ஒருமுறை இழுத்துப் பார்ப்பது நல்ல பழக்கம். அப்போதே கோப்பி வந்தது. ஆனால் அதற்கு முன்னால் உதட்டில் வந்தது சீனி. நுனியில் இனிப்புப் பூசியிருந்தார்கள். இதைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன்.

தீக்குச்சியைக் கிழித்து, கந்தகம் எரிந்து முடியும்வரை பொறுத்து, சுவாலையைச் சுருட்டில் முட்டவிடாமல் அடிப்பக்கத்தைச் சுழற்றிச் சுழற்றிச் சூடேற்றினேன். ஓரம் சிவந்த பின்னர்தான் வாயில் வைத்தேன். புகையை நெஞ்சுக்குள் எடுக்கக் கூடாது; வாயில் சற்றுத் தங்கவிட்டு வெளியே விட வேண்டும். நிமிடத்துக்கு ஒரு இழுவைக்கு மேல் ஆகாது. அவசரப்பட்டால் தணல் கொதித்து எல்லாச் சுவையும் கருகிக் கைப்பாகிவிடும். பத்திரிகையாளருக்கு இது கடினமான விரதம்.

முதல் மூன்றில் ஒரு பங்கு முழுவதும் கோப்பியின் ஆட்சி. பால் சேர்த்த கோப்பியன்று. வடித்தபின் மிஞ்சும் தூளின் மணம், அதன் பின்னால் கொஞ்சம் கொக்கோ. நாக்கு அறிவது இனிப்பு, கைப்பு முதலியவற்றை மாத்திரமே. கோப்பி என்பதை மூக்குத்தான் அறியும். ஆகவே வாயிலிருந்த புகையில் சிறிதளவை மூக்கு வழியாக விட்டுப் பார்த்தேன். அங்கேதான் இந்தச் சுருட்டின் கெட்டித்தனம் வெளிப்பட்டது. வறுத்த கோப்பிக்கும் எரியும் புகையிலைக்கும் பொதுவான வாசனைப் பொருள்கள் உண்டு என்கிறது இரசாயனம். எங்கே கோப்பி முடிந்து எங்கே இலை தொடங்குகிறது என்று பிரித்தறிய முடியவில்லை. இரவல் மணம் என்ற குற்றச்சாட்டு இந்த இடத்தில் நிற்காது.

நடுப்பங்கில் கோப்பி மெல்லப் பின்வாங்கியது. ஏற்றிய மணம் எளிதில் ஆவியாவது. தணல் நெருங்கும் முன்பே சூட்டில் கிளம்பிப் போய்விடுகிறது. அப்போது இலை பேசத் தொடங்கியது. காய்ந்த மரப்பட்டை, மிளகு, ஈரமண். உறுதியான சாம்பல், சீரான எரிவு. கூடவே சீனி போடாத வெறுங்கோப்பி ஒரு கோப்பை வைத்திருந்தேன். அது சுருட்டின் கோப்பியை வெளிறச் செய்ததே ஒழிய உதவவில்லை. தண்ணீரே போதும்.

இந்நேரத்தில்தான் மருமகன் சொன்னான்: "மாமா, இது உங்கட ஊர்ச் சுருட்டு மாதிரி இல்லை. கோப்பிதானே, ஒண்டும் செய்யாது."

அவனுக்கு இருபத்தாறு வயது. சிகரெட்டைக் கையால் தொடமாட்டான். தன் நண்பர் பலரும் இதையே விரும்புவதாகவும் சொன்னான். நான் உடனே மறுமொழி சொல்லவில்லை. என் நாக்கு, அந்த இனிப்பைத் தேடி இன்னொரு முறை உதட்டைத் தடவிக்கொண்டிருந்தது.

பெரியப்பாவுக்கு நாக்கின் ஓரத்தில் புண் வந்தது 1986இல். மகரகமைக்குக் கொண்டுவர நாட்கள் சென்றன; பாதை அப்படி. நாக்கின் ஒரு பகுதியை எடுத்தார்கள். அதன் பிறகு இரண்டு வருடம் இருந்தார். பேச்சு எங்களுக்கு விளங்காது. பெரியம்மாவுக்கு மட்டும் விளங்கும். எதைச் சாப்பிட்டாலும் மண்போல இருக்கிறதென்று சிலேற்றில் எழுதிக் காட்டினார். பாணியில் விரலைத் தொட்டு நாக்கில் வைத்தே பதம் சொன்ன மனிதர் அவர். அவரும் புகையை நெஞ்சுக்குள் எடுத்தவரல்லர்.

சுருட்டுப் புகை காரத்தன்மையுடையது. வாயின் மெல்லிய தோல் வழியாகவே நிக்கொற்றின் உடலுக்குள் சென்றுவிடும். பெரிய சுருட்டொன்றில், ஒரு பெட்டி சிகரெட்டில் உள்ள அளவு புகையிலை இருக்கக் கூடும். கோப்பியை ஏற்றுவதனால் இதில் ஒரு துளியும் குறைவதில்லை. புகையிலைக்கு இயல்பாக உள்ள ஒரே நேர்மை அதன் உறைப்பு. போதும் என்று வாய்க்குச் சொல்வது அதுதான். கோப்பி அந்த உறைப்பை மறைக்கவில்லை. அதுவும் ஒரு கைப்புப் பொருள்தானே. மறைப்பது நுனியில் பூசிய சீனி. சீனி கைப்பை அடக்கும் என்பதைத் தேநீர் குடிக்கும் குழந்தையும் அறியும். வழக்கில் இரு கட்சியாரும் தவறான பொருளையே விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது என் துணிபு.

அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், சுருட்டில் இத்தகைய மணங்களைத் தடைசெய்யும் விதியொன்றை 2022இல் முன்மொழிந்தது. இளையோரைக் காரணமாகக் காட்டியது. 2025 சனவரியில் அந்த முன்மொழிவு மீளப் பெறப்பட்டது. முன்மொழிந்தவர்கள் கோப்பியையும் பழத்தையும் ஒரே தராசில் வைத்தார்கள். நானாக இருந்தால் நுனியிலிருந்து தொடங்கியிருப்பேன்.

மறுநாள் மாலை ஒரு சிறிய பரிசோதனை செய்தோம். மிஞ்சியிருந்த இரண்டு சுருட்டுகளின் நுனிகளையும் ஈரத்துணியால் நன்றாகத் துடைத்து, உலரவைத்து, ஆளுக்கொன்றாகப் பற்றவைத்தோம். கோப்பி அப்படியே இருந்தது. முதல் நாளைவிட நன்றாகவே இருந்தது என்பேன். சீனியில்லாத கோப்பியைக் குடித்துப் பழகியவர்க்கு நான் சொல்வது புரியும். கைப்புக்குக் கீழே இன்னொரு கைப்பு, அதற்கும் கீழே இலையின் உறைப்பு, நாக்கின் இரு ஓரங்களிலும் ஊசி குத்துவது போல.

மருமகன் நாலைந்து இழுவைக்குப் பிறகு நிறுத்தினான்.

"உறைக்குது, மாமா."

"நேற்றும் இவ்வளவுதான் உறைத்தது."

அவன் சுருட்டைச் சாம்பல் தட்டில் வைத்துவிட்டுச் சற்றுநேரம் பேசாமலிருந்தான். பிறகு, பெரியப்பா நாளொன்றுக்கு எத்தனை பத்துவார் என்று கேட்டான். எண்ணியதில்லை, சுற்றுபவர்கள் எண்ணமாட்டார்கள் என்றேன். சுருட்டை நசுக்கி அணைத்தால் நாற்றம் எழும். தானாக அணையவிடுவதே முறை. ஆகவே தட்டில் கிடந்த அவன் சுருட்டு தணல் மங்கும்வரை இருவரும் அமர்ந்திருந்தோம். என்னுடையதை மூன்றில் இரண்டு பங்கோடு நிறுத்திக்கொண்டேன்.