விட்டுவிட்டுப் போக முடியாத கேள்வி

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருப்பவர்கள் படியுங்கள். வீட்டில் நர்சிங் படித்த பிள்ளைகள் இருந்தால் அவர்களிடமும் காட்டுங்கள்.

இரண்டு மாதத்துக்கு முன்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், என்னிடம் ஆங்கிலம் படித்த பெண் ஒருத்தி எங்கள் அரிமளம் வீட்டுக்கு வந்தாள். பி.எஸ்சி. நர்சிங் முடித்து, திருச்சியில் ஒரு தனியார் மருத்துவமனையில் வேலை. இரண்டாவது படிக்கும் மகன் இங்கே பாட்டி வீட்டில் வளர்கிறான். அவள் பெயரைச் சொல்லக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் இதை எழுத அனுமதி கொடுத்தாள்.

திண்ணையில் உட்கார்ந்தவள் காபியைத் தொடவே இல்லை. "சார், அமெரிக்கா நர்ஸ் பரீட்சை எழுதினேன். நீங்க ஸ்கூல்ல சொல்லிக்குடுத்த மாதிரிதான் சார் எழுதினேன். ஃபெயில் ஆயிட்டேன்" என்றாள்.

அவள் குறையாகச் சொல்லவில்லை. ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நம் ஊரில் நர்சிங் படிப்பை முடித்துப் பரீட்சையில் தேறிவிட்டால், தமிழ்நாடு நர்சுகள் மற்றும் மருத்துவச்சிகள் கவுன்சிலில் பதிவு செய்துகொண்டு வேலைக்குப் போகலாம். உரிமத்துக்கென்று தனித் தேர்வு எழுத வேண்டியதில்லை. அமெரிக்காவில் அப்படி இல்லை. அந்த நாட்டிலேயே படித்தவராக இருந்தாலும் என்கிளெக்ஸ் என்ற தேர்வில் தேறினால்தான் உரிமம். ஒரு காலத்தில் நம் பிள்ளைகள் இதற்காகவே வெளிநாடு போய் எழுதினார்கள். இப்போது சென்னையிலேயே எழுதலாம். கட்டணம் 200 டாலர், வெளிநாட்டில் எழுதுவதற்கு இன்னொரு 150 டாலர். சான்றிதழ் சரிபார்ப்பு, கோச்சிங் எல்லாம் தனி. இவள் வளையல் இரண்டும் அடகில் இருக்கிறது.

"நான் சொல்லிக்குடுத்த மாதிரின்னா என்னம்மா?" என்று கேட்டேன்.

"தெரிஞ்சதை முதல்ல எழுது, தெரியாததை விட்டுட்டுப் போ, கடைசியில திரும்பி வான்னு சொல்வீங்கள்ல சார். பன்னிரண்டாவது கேள்வியில கேள்விப்படாத மருந்து. விட்டுட்டுப் போகலாம்னு பாத்தா அதுக்குப் பட்டனே இல்ல சார்."

ஒரு கேள்விக்கு விடை சொன்னால்தான் அடுத்தது வரும் என்று கோச்சிங்கில் சொல்லியிருக்கிறார்கள். பதற்றத்தில் கைக்குப் பழைய பழக்கம்தான் வந்தது. அந்த ஒரு கேள்வியில் இருபது நிமிடம் போயிற்று. அதற்குப் பிறகு ஒவ்வொரு கேள்வியும் முந்தையதைவிடக் கடினமாகத் தெரிய, "போச்சு, தோத்துட்டோம்" என்று முடிவே செய்துவிட்டாள். கடைசி முப்பது கேள்விக்கு, எந்த விடை நீளமாக இருக்கிறதோ அதை அழுத்தினாளாம். அதுவும் நான் சொல்லிக்கொடுத்த தந்திரம்தான். நூறு சதவீதத் தேர்ச்சி காட்ட வேண்டும் என்று மேலிருந்து நெருக்கிய வருடங்களில், முக்கியக் கேள்விகள் இருபதை உருப்போட வைத்து, மீதிக்கு இந்த மாதிரி குறுக்கு வழிகளைச் சொல்லி அனுப்பியவன் நான். அந்த நூறு சதவீதத்துக்குப் பொன்னாடையும் போர்த்திக்கொண்டேன்.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. மறுநாள் அவளைக் கூப்பிட்டு, "எனக்கு நர்சிங் தெரியாது. ஆனா கேள்வியை வாசிக்கத் தெரியும். லீவு நாள்ல புத்தகத்தோட வா" என்றேன். மறுபடி எழுத 45 நாள் இடைவெளி வேண்டும் என்பது விதி. அந்த இடைவெளிதான் எங்களுக்குக் கிடைத்த அவகாசம்.

முதலில் அந்தத் தேர்வு எப்படி நடக்கிறது என்று படித்தேன். ஐந்து மணி நேரம். குறைந்தது 85 கேள்வி, அதிகபட்சம் 150. சரியாகச் சொன்னால் அடுத்த கேள்வி கடினமாக வரும், தவறினால் எளிதாக வரும். ஒருவர் தேறுவார் அல்லது தேறமாட்டார் என்று கணினிக்கு 95 சதவீதம் உறுதிப்பட்டதும் தேர்வு நின்றுவிடும். அதனால் நன்றாக எழுதுகிறவருக்கும் பாதிக் கேள்வி தெரியாத மாதிரியேதான் இருக்கும். கேள்வி கடினமாகிக்கொண்டு போனால் அது நல்ல அறிகுறி. இவளோ அதைப் பார்த்து மனம் உடைந்திருக்கிறாள். இவளுக்கு 150 வரை போயிருக்கிறது. அப்படியென்றால் கடைசி வரை கணினியால் முடிவு செய்ய முடியவில்லை. கோட்டுக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறாள். இதைச் சொன்னதும்தான் அவள் முகத்தில் ரத்தம் ஓடியது.

தேறாதவர்களுக்கு எட்டுப் பிரிவுகளில் எப்படிச் செய்தார்கள் என்று ஒரு அறிக்கை தருகிறார்கள். அவளுடையதில் மருந்துகள் பிரிவு தேர்ச்சி அளவுக்கு மேலே. நோயாளிகளைக் கவனிக்கும் பொறுப்பை நிர்வகிக்கும் பிரிவு கீழே. உருப்போட்டது வென்றிருக்கிறது. முடிவெடுக்க வேண்டிய இடம் சறுக்கியிருக்கிறது. என் வகுப்பறையே அந்தத் தாளில் தெரிந்தது.

பயிற்சிக் கேள்வி ஒன்றைச் சொல்கிறேன். நான்கு நோயாளிகள். ஒருவருக்கு அறுவை சிகிச்சை முடிந்து இரண்டாம் நாள், கடுமையான வலி. ஒருவருக்குச் சர்க்கரை 180, சாப்பாடு கேட்கிறார். ஒருவருக்குத் தைராய்டு அறுவை சிகிச்சை முடிந்திருக்கிறது, மூச்சை இழுக்கும்போது கீச்சென்று சத்தம் வருகிறது. ஒருவர் வீட்டுக்குப் போகக் காத்திருக்கிறார். முதலில் யாரைப் பார்ப்பீர்கள்?

அவள் வலிக்காரரைச் சொன்னாள். "ஏம்மா?" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "எங்க வார்டுல அவரோட சொந்தக்காரங்கதான் சார் அதிகமா கத்துவாங்க."

எனக்குச் சிரிப்பும் வந்தது, வருத்தமும் வந்தது. சரியான விடை தைராய்டு நோயாளி. அந்தக் கீச்சுச் சத்தம் மூச்சுப்பாதை அடைபடுகிறது என்பதற்கு அடையாளம். முதலில் மூச்சுப்பாதை, அடுத்து சுவாசம், அதற்கடுத்து ரத்த ஓட்டம். இந்த வரிசை அவளுக்கு மனப்பாடம். ஆனால் முப்பது பேருக்கு இரண்டு நர்சு என்று ஓடுகிறவளுக்கு, யார் சத்தம் போடுகிறாரோ அவர்தான் முதல் நோயாளி. சத்தம் போட முடியாதவரை முதலில் பார் என்கிறது கேள்வி.

இன்னொன்று. ரத்தம் ஏற்றும்போது நோயாளிக்கு நடுக்கம், மூச்சுத் திணறல். முதலில் என்ன செய்வீர்கள்? "டாக்டரைக் கூப்பிடுவேன்" என்றாள். நம் ஊரில் அப்படித்தான் பழக்கியிருக்கிறோம். முதலில் செய்ய வேண்டியது ரத்தம் ஏறுவதை நிறுத்துவது. டாக்டருக்குச் சொல்வது அதற்குப் பிறகு.

மூன்றாவது என் துறை. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர் சொல்லும் நான்கு வாக்கியங்களில், இவருக்கு இன்னும் விளக்கிச் சொல்ல வேண்டும் என்பதைக் காட்டுவது எது? அதாவது தவறான வாக்கியத்தைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். "தலைவலித்தால் ஆஸ்பிரின் போட்டுக்கொள்வேன்" என்பதுதான் விடை. இவள் சரியான வாக்கியத்தைத் தேடி அதை அழுத்தினாள். மருந்து தெரியும், கேள்வியைத்தான் படிக்கவில்லை. சரியானதைத் தேர்ந்தெடு என்று மட்டுமே பத்து வருடம் கேட்டுப் பழக்கினால் கண் அதைத்தானே தேடும்?

அவள் நோட்டின் கடைசிப் பக்கத்தில் நாங்கள் எழுதி வைத்தது இது:

1. விடைகளைக் கையால் மறைத்துக்கொண்டு கேள்வியை முழுதாகப் படி. என்ன கேட்கிறார்கள் என்று தமிழில் ஒரு வரி மனசுக்குள் சொல்.
2. ஒரு கேள்விக்குச் சராசரியாக இரண்டு நிமிடம். தெரியாவிட்டால் தவறென்று உறுதியானதை நீக்கிவிட்டு, மீதியில் ஒன்றைப் போடு. போன கேள்வியை மற.
3. நோயாளியைச் சோதித்துப் பார்ப்பது முதலா, உடனே செயல்படுவது முதலா? ஆபத்து கண்ணுக்குத் தெரிந்துவிட்டால் செயல்.
4. பொருந்துவதையெல்லாம் தேர்ந்தெடு என்றால், ஒவ்வொரு வரியையும் தனித்தனியாகச் சரியா, தவறா என்று கேள். தவறாகத் தொட்டது சரியாகத் தொட்ட ஒன்றின் மதிப்பெண்ணைத் தின்றுவிடும். பூஜ்யத்துக்குக் கீழே போகாது.
5. 85-இல் நிற்காவிட்டால் பயப்படாதே. இன்னும் ஆட்டத்தில் இருக்கிறாய் என்று அர்த்தம்.

இது எல்லாத் தேர்வுக்கும் பொருந்தாது. எய்ம்ஸ் நடத்தும் நார்செட் தேர்வில் தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் குறையும். ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார் நண்பரிடம் கேட்டேன். நான்கில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு போட்டால் சராசரியாக லாபமும் இல்லை, நட்டமும் இல்லையாம். ஒன்றையாவது தவறென்று நீக்க முடிந்தால் போடுவது லாபமாம். எந்தத் தேர்வாக இருந்தாலும் அதன் விதியை முதலில் படியுங்கள் பிள்ளைகளே.

போன வாரம் பயிற்சியின் நடுவில் அவள் சொன்னாள்: "சார், இப்பல்லாம் வார்டுக்குள்ள நுழைஞ்சதும் சத்தமில்லாம படுத்திருக்கிறவங்களைத்தான் முதல்ல பாக்குறேன்." தேர்வு முடிவு எப்படி வந்தாலும், இது அவளை விட்டுப் போகாது.

நாளை மறுநாள் காலை சென்னையில் அவளுக்குத் தேர்வு. இன்று இரவு புதுக்கோட்டையிலிருந்து பஸ் ஏறுகிறாள். போகிற வழியில் வந்து ஆசீர்வாதம் கேட்டாள். முன்பெல்லாம் பேனா கொடுத்து அனுப்புவேன். இந்தத் தேர்வுக்குப் பேனாவும் வேண்டாம். "கேள்வியை முழுசாப் படிம்மா" என்று மட்டும் சொன்னேன். முப்பத்து நான்கு வருடம் வகுப்பில் நின்றவன் முதல் நாளே சொல்லியிருக்க வேண்டியது அது.

அவளுக்காக ஒரு நிமிடம் வேண்டிக்கொள்ளுங்கள். முடிவு வந்ததும் எழுதுகிறேன்.